விளங்காத கடதாசியில் ஒரு கைநாட்டு

கொம்மாதுறை இராணுவ முகாம் என்றால் எமது மாவட்டத்தில் விளக்கம் தேவைப்படாது. தொண்ணூறுகளில் செங்கலடிப் பக்கம் போய்வந்தவர்கள் எவரும் அந்த முகாமை நெஞ்சிடியின்றிக் கடந்திருக்கமாட்டார்கள். அங்கு கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வந்தவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். திரும்பாதவர்களுக்காகக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒருவரைப் பற்றியது. அவருடைய பெயர் நல்லரத்தினம் சிங்கராசா. அவருடைய வழக்கு கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றம் வரைக்கும், அதையும் தாண்டி ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் குழு வரைக்கும் சென்றது. உலகின் பல நாடுகளில் சட்டம் படிக்கும் மாணவர்கள் அவரது பெயரை அறிவார்கள். எமது வட்டைகளிலும் முகாம்களிலும் அதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அந்தக் குறையை நினைத்தே எழுத உட்கார்ந்தேன்.

1993ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் திகதி, விடியற்காலை ஐந்து மணியளவில், வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த சிங்கராசாவைப் படையினர் பிடித்தனர். அவரை மட்டுமல்ல. ஊரைச் சுற்றிவளைத்து ஏறக்குறைய 150 ஆண்களை ஒன்றாகக் கொண்டுபோனார்கள். காரணம் எவருக்கும் சொல்லப்படவில்லை. கொம்மாதுறை முகாமில் அவர்கள் எல்லோர்மீதும் சுமத்தப்பட்ட குற்றம் ஒன்றே: விடுதலைப் புலிகளுக்கு உதவினார்கள் என்பது. அங்கே தம் கைகளைக் கட்டி மாமரத்தில் தொங்கவிட்டு அடித்தார்கள் என்று சிங்கராசா பின்னர் முறையிட்டார். அன்று மாலையே அவர் மட்டக்களப்புப் பொலிசின் நாசவேலைத் தடுப்புப் பிரிவிடம் கையளிக்கப்பட்டார்.

சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பாடசாலை மைதானத்தில் வெயிலில் குந்தியிருந்ததும், முகத்தை மூடிய தலையாட்டியின் முன்னால் ஒருவர் பின் ஒருவராக நடந்ததும், அந்தத் தலை ஆடாதபோது வெட்கமின்றி வந்த நிம்மதியும், பக்கத்தில் நின்றவனுக்கு அது ஆடியபோது நாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதும் எமக்கு நினைவிருக்கும். அந்த 150 பேரில் யாராகவும் நாம் இருந்திருக்கலாம். எமது தம்பியோ மச்சானோ இருந்திருக்கலாம்.

ஜூலை 17 தொடக்கம் செப்டெம்பர் 30 வரை சிங்கராசா விசாரிக்கப்பட்டார். விசாரித்த பொலிசார் மூவர். அவர்களுக்கு உதவியாக முன்னாள் தமிழ் இயக்கத்தவர் ஒருவர் இருந்தார். தண்ணீர்த் தொட்டியில் தள்ளி அமுக்கிப் பிடித்ததாகவும், கண்ணைக் கட்டிக் குப்புறக் கிடத்தி அடித்ததாகவும் சிங்கராசா சொன்னார். பொலிசார் பேசியது அரைகுறைத் தமிழ். அந்த நாட்களில் அவரைப் பார்க்கச் சட்டத்தரணி எவரும் வரவில்லை. வைத்தியர் வரவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, பாதுகாப்பு அமைச்சரின் உத்தரவு ஒன்று இருந்தால், குற்றஞ்சாட்டாமலே ஒருவரைப் பதினெட்டு மாதங்கள் வைத்திருக்க அக்காலத்தில் முடிந்தது. அந்த உத்தரவின் பிரதிகூட அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

ஓகஸ்ட் மாதத்தில் அவர் நீதவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டார். அங்கே அவர் அடிபற்றி வாய்திறக்கவில்லை. இந்த மௌனத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப்பற்றிப் பேசுவோம்.

அந்த ஆண்டு டிசம்பர் 11ஆம் திகதி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் முன்னால் சிங்கராசா கொண்டுவரப்பட்டார். கூடவே, முன்னர் அவரை விசாரித்த அதே பொலிஸ் கொன்ஸ்தாபிள் இருந்தார். படிப்பு, தொழில், குடும்பம் என்று கேள்விகள் கேட்கப்பட்டன. சிங்கராசாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆகவே தமிழைச் சிங்களமாக்கியவர் அந்தக் கொன்ஸ்தாபிள். சிங்களத்தில் தட்டச்சு செய்தவரும் அவரே. வேறெவரும் அந்த அறையில் இருக்கவில்லை. கடதாசியைக் கொடுத்துக் கையொப்பம் வைக்கச் சொன்னபோது, தமக்கு விளங்காததால் சிங்கராசா மறுத்தார். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தமது பெருவிரலைப் பிடித்துப் பலவந்தமாக அந்தக் கடதாசியில் பதித்தார் என்பது சிங்கராசாவின் முறைப்பாடு.

அந்தக் கடதாசிதான் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் என்ற பெயரில் நீதிமன்றத்துக்கு வந்தது. 1994 செப்டெம்பரில், அதாவது பிடிபட்டுப் பதினான்கு மாதங்களின் பின்னர், அவர்மீது மூன்று வழக்குகள் தாக்கல் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று மேல் நீதிமன்றத்தில் விசாரணைக்கு எடுக்கப்பட்டது. அதில் ஐந்து குற்றச்சாட்டுகள். அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்பது ஒன்று. யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு ஆகிய நான்கு இராணுவ முகாம்களைத் தாக்குவதில் பங்குகொண்டார் என்பது மற்றவை. சட்டத்தரணி ஒருவரை அவர் முதன்முதலாகக் கண்டது 1994 செப்டெம்பர் 30ஆம் திகதி, நீதிமன்றம் ஒருவரை நியமித்த பிறகுதான். குற்றவாளி அல்ல என்று அவர் மன்றில் சொன்னார்.

இங்கே கொஞ்சம் நின்று சட்டத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது. சட்டம் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். வட்டைக்குள் நடக்கும் ஒரு காரியத்தை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம்.

கட்டாக்காலி மாடு வேளாண்மைக்குள் இறங்கி மேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வட்டவிதானையிடம் முறைப்பாடு போகிறது. உன் மாடுதான் மேய்ந்தது என்று சொல்பவர் மாட்டின் குறியைக் கண்டவரைக் கூட்டிவரவேண்டும், அல்லது குளம்படி போன திசையைக் காட்டவேண்டும். மாட்டுக்காரர் சும்மா இருக்கலாம். காட்டவேண்டிய பொறுப்பு குற்றஞ்சாட்டியவருடையது. இதுதான் நீதிமன்றத்திலும் பொது வழக்கம். இந்நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பொலிஸ்காரரிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படுவதை அவருக்கு எதிரான சான்றாகக் கொண்டுவரவே கூடாது என்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அது. பொலிஸ் நிலையத்தில் என்ன நடக்கும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. தற்காலிக ஏற்பாடுகள் என்று பெயர் சூட்டிக் கொண்டுவந்த சட்டம். 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அதன் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேற்பட்ட பதவியிலுள்ள ஒருவர் முன்னால் கொடுக்கப்பட்ட வாக்குமூலம் செல்லும் என்கிறது. அடித்து வாங்கினார்கள், பயமுறுத்தி வாங்கினார்கள் என்றால், அதைக் காட்டவேண்டிய பொறுப்பு அடிபட்டவருடையது. மாட்டுக் கதையில் சொன்னால், மாடு தன்னுடையது என்று மாட்டுக்காரரே ஒத்துக்கொண்டதாக முறைப்பாட்டுக்காரர் ஒரு கடதாசியை எழுதி நீட்டுகிறார். அது அவர் மனமொத்துக் கொடுத்ததல்ல என்பதை மாட்டுக்காரரே எண்பிக்கவேண்டும். எண்பிக்க அவருக்கு யார் சாட்சி? அந்த அறையில் இருந்தவர்கள் மூவர். அவர்களில் இருவர் கடதாசியின் பக்கம்.

ஆயினும் சிங்கராசாவுக்கு ஒரு சாட்சி இருந்தது. அது அவருடைய உடம்பு. 1995 ஜனவரி 12ஆம் திகதி அவருடைய சட்டத்தரணி, இவர் உடம்பில் அடித்த தழும்புகள் இருக்கின்றன, வைத்திய அறிக்கை பெறவேண்டும் என்று மன்றைக் கேட்டார். மன்றின் உத்தரவின்பேரில் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தார். முதுகில் தழும்புகள். இடது கண்ணின் கருவிழியில் நிரந்தரமாகப் பார்வையைக் கெடுத்த வடு. சில காயங்கள் மொட்டையான பொருளால் ஏற்பட்டவை, ஒன்று கூரிய பொருளால் ஏற்பட்டிருக்கலாம் என்று அறிக்கை கூறியது.

ஜூன் 2ஆம் திகதி வாக்குமூலத்தைப் பற்றி மாத்திரம் தனியாக ஒரு விசாரணை நடந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் கொன்ஸ்தாபிளும் சாட்சி சொன்னார்கள். சிங்கராசாவும் சொன்னார். உடம்பில் தழும்புகள் தெரிகின்றன என்பதை மேல் நீதிமன்றமும் மறுக்கவில்லை. ஆனால் அவை இந்தச் சம்பவத்துக்கு முன்னரோ பின்னரோ ஏற்பட்டவையாக இருக்கலாம் என்றது. அடித்திருந்தால் ஏன் எவரிடமும் முறையிடவில்லை? நீதவானிடம் ஏன் சொல்லவில்லை? சாதாரண மனிதன் ஒருவன் நடந்துகொள்ளும் விதத்தில் இவர் நடக்கவில்லை என்று கூறி, வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டது.

இந்தச் 'சாதாரண மனிதன்' யார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அவன் நீதவானிடம், இவர்கள் என்னை அடித்தார்கள் ஐயா என்று விரல் நீட்டிச் சொல்வான். சொன்னபின், அந்த 'இவர்களே' அவனைத் திரும்ப வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். திரும்பவும் அதே தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடம். சொன்னால் போனபிறகு என்ன செய்வார்களோ என்ற பயத்தினால் சொல்லவில்லை என்று சிங்கராசா மன்றில் சாட்சியமளித்திருந்தார். அதை மன்று கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. எமது ஊர்களில் 1990ஆம் ஆண்டுக்குப் பின் வாழ்ந்த எவரையும் கூட்டிவைத்துக் கேட்டிருந்தால், வாய்திறந்தவன்தான் அசாதாரண மனிதன் என்று சொல்லியிருப்பார்கள். நாமே எத்தனை முறை வாய்மூடி நின்றோம்! இடம்பெயர்ந்திருந்த ஒரு முகாமில், சிங்களத்தில் மாத்திரம் அச்சடித்த ஒரு படிவத்தை நீட்டி, கையொப்பம் வைத்தால்தான் நிவாரண அட்டை என்றபோது, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் வைத்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியும். எனக்குப் பின்னால் நின்ற கிழவிக்குக் கைநாட்டுத்தான். அவரிடமாவது, பொறுங்கள் ஆச்சி, வாசித்துச் சொல்லட்டும் என்று நான் சொல்லவில்லை. பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது நடந்து ஆறு ஆண்டுகளின் பின்னர்தான், தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரின் ஆயுளைத் தீர்மானித்த கடதாசி சிங்களத்தில் எழுதப்பட்டது. சித்திரவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி 1994இல் 22ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் வந்தது. சட்டப் புத்தகத்தில் எமக்கு எதுவும் குறைவில்லை.

1995 செப்டெம்பர் 29ஆம் திகதி, ஐந்து குற்றச்சாட்டுகளிலும் சிங்கராசா குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. ஒக்டோபர் 4ஆம் திகதி விதிக்கப்பட்ட தண்டனை 50 ஆண்டுகள். அந்த வாக்குமூலத்தைத் தவிர வேறு சான்று எதிலும் அத்தீர்ப்புத் தங்கியிருக்கவில்லை. கோட்டையில் அவரைக் கண்டவர் இல்லை, ஆனையிறவில் கண்டவர் இல்லை. கடதாசி சொன்னது, அவ்வளவுதான்.

ஐந்து நாட்களுக்குள் மேன்முறையீடு செய்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் முடிவு சொல்ல 1999 ஜூலை 6 வரை சென்றது. தீர்ப்பு உறுதி, தண்டனை மட்டும் 35 ஆண்டுகளாகக் குறைந்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போக அனுமதி கேட்டார். 2000 ஜனவரி 28ஆம் திகதி அதுவும் மறுக்கப்பட்டது. நாட்டுக்குள் கதவுகள் எல்லாம் சாத்தப்பட்டாயிற்று. பெரும்பாலானவர்கள் இவ்விடத்தில் நின்றுவிடுவார்கள். தெற்கே பூசாவில் சிறையிருந்த இவர் நிற்கவில்லை.

இலங்கை 1980இல் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்திருந்தது. 1997 ஒக்டோபரில், அதனோடு சேர்ந்த விருப்ப நெறிமுறை என்ற இன்னொரு பத்திரத்தையும் அரசாங்கம் ஏற்றது. அதன்படி, நாட்டில் நீதி கிடைக்காத ஒருவர் நேரடியாக ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிடலாம். 2001இல் சிங்கராசாவின் முறைப்பாடு அக்குழுவுக்குப் போனது. அரசாங்கமும் தனது பதிலைக் கொடுத்தது. 2004 ஜூலை 21ஆம் திகதி குழு தன் முடிவைச் சொன்னது.

அதன் சாரத்தை எளிமையாகச் சொல்கிறேன். விசாரித்த பொலிஸ்காரரே மொழிபெயர்த்து அவரே தட்டச்சு செய்த, வேறெவரும் இல்லாத அறையில் பெறப்பட்ட ஒரு வாக்குமூலத்தை மாத்திரம் நம்பித் தண்டித்தது நீதியான விசாரணை அல்ல. வாக்குமூலம் விருப்பத்தோடு கொடுக்கப்பட்டது என்பதை அரச தரப்புத்தான் எண்பிக்கவேண்டும். அதை எதிரியின் தலையில் போட்டது, குற்றம் எண்பிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்ற விதியையே மீறியது. சிறிதளவு சந்தேகத்தைக் காட்டினாலே போதும் என்று அரசாங்கம் வாதித்தபோதும், சுமை எதிரிமீதே இருந்தது என்பது மாறவில்லை. அந்தச் சிறிதளவையும்கூட நீதிமன்றங்கள் கண்டுகொள்ளவில்லை. மேன்முறையீட்டை நான்கு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்ததும் தவறு. ஆகவே அவரை விடுதலை செய்யவேண்டும், அல்லது மீண்டும் விசாரிக்கவேண்டும், நட்டஈடும் கொடுக்கவேண்டும், 16ஆம் பிரிவையும் திருத்தவேண்டும்.

அரசாங்கத்தின் பதில் என்ன? உயர் நீதிமன்றம் வரை உறுதியான ஒரு தீர்ப்பின் பின்னர் ஒருவரை விடுவிக்கவோ மறுபடி விசாரிக்கவோ எமது சட்டத்தில் வழியில்லை என்பதே.

அந்த வழியை உயர் நீதிமன்றமாவது உண்டாக்காதா என்று, குழுவின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சிங்கராசா திரும்பவும் அதே நீதிமன்றத்தைக் கேட்டார். 2006 செப்டெம்பர் 15ஆம் திகதி, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான நீதியரசர்கள் அந்த விண்ணப்பத்தைத் தள்ளினர். தள்ளியதோடு நிற்கவில்லை. 1997இல் விருப்ப நெறிமுறையை ஏற்றதே அரசியலமைப்புக்கு முரண், வெளியிலுள்ள ஒரு குழுவுக்கு நீதி வழங்கும் அதிகாரத்தைக் கொடுக்க ஜனாதிபதிக்கு உரிமையில்லை, ஆகவே அது உள்நாட்டில் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். கதவைத் தட்டப்போன ஒருவரின் முன்னால் கதவையே சுவராக்கிய மாதிரி அது முடிந்தது. அவருக்கு மட்டுமன்றி, அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற எல்லோருக்கும்.

அடுத்த ஆண்டு, 2007இல், உடன்படிக்கையின் சில உரிமைகளை உள்நாட்டுச் சட்டமாக்குவதாகச் சொல்லி 56ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. சிங்கராசாவைப் போன்றவரின் வழக்கைத் திரும்பத் திறக்கும் வழி அதில் இல்லை. அந்தச் சட்டத்தை எடுத்து 2019இல் சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் ஒருவரைச் சிறையில் போட்டார்கள். எதற்காக ஆக்கிய சட்டம், எதற்குப் பயன்பட்டது பாருங்கள்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு ஒருவர் கேட்கலாம்: அவர் உண்மையிலேயே இயக்கத்தில் இருந்திருந்தால்? நியாயமான கேள்வி. இருந்தாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. அதைக் கண்டுபிடிக்கத்தான் நீதிமன்றம். கண்ணுக்குத் தெரிந்த காயத்தை ஒதுக்கிவிட்டு, எதிரிக்கு விளங்காத ஒரு கடதாசியை மட்டும் வைத்துத் தீர்ப்பளித்தால், அவர் செய்தாரா என்பது நீதிபதிக்கே தெரியாமல் போகிறது. செய்யாதவர் உள்ளே போகலாம். செய்தவர் வெளியே உலாவலாம். கொல்லப்பட்ட சிப்பாயின் தாய்க்கும் அதனால் நீதி கிடைக்கப்போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். விசாரணை அறையில் பொலிசாருக்கு உதவியாக நின்றவர் எமது மொழி பேசியவர். எம்மவர்கள் நடத்திய 'விசாரணைகளை'யும் நாம் கண்டோம். மின்கம்பத்தில் கட்டி, கழுத்தில் ஒரு மட்டையைத் தொங்கவிட்டு, துரோகி என்று எழுதிச் சுட்டார்கள். அங்கே வாக்குமூலம் எந்த மொழியில் என்று கேட்கவும் எவருக்கும் உரிமை இருக்கவில்லை. மேன்முறையீடு என்ற பேச்சே இல்லை. 16ஆம் பிரிவைக் குறைசொல்லும் வாய் அதையும் சொல்லவேண்டும். அடித்துப் பெற்ற வார்த்தை யார் பெற்றாலும் அடித்துப் பெற்ற வார்த்தைதான்.

இந்த நோய் எமது நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டைச் சேர்ந்த பேரறிவாளன், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு வயது 19. இந்தியாவின் தடா சட்டமும் எமது 16ஆம் பிரிவைப் போன்றதே. பொலிஸ் அத்தியட்சகர் தரத்தவர் முன்னால் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்றது. 1998இல் மரண தண்டனை. 2013இல் அந்த வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரியான தியாகராஜனே வெளியில் வந்து, வாங்கிக் கொடுத்த பற்றரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அந்தப் பையன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டேன் என்றார். தாய் அற்புதம்மாள் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் மந்திரிகளின் வாசலுக்கும் நடந்து தேய்ந்தார். 2014இல் மரண தண்டனை ஆயுள் தண்டனையாயிற்று. 2022 மே 18ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல்! அப்போதும் அவரது குற்றத்தீர்ப்பு நீக்கப்படவில்லை, விடுதலைதான் கிடைத்தது.

இங்கிலாந்தில் பேர்மிங்காம் நகரில் 1974இல் குண்டு வெடித்தபோது ஆறு ஐரிஷ்காரர்களைப் பிடித்தார்கள். அவர்களும் அடித்து வாங்கிய வாக்குமூலம் என்றே சொன்னார்கள். முதலில் எவரும் கேட்கவில்லை. ஆனால் அங்கே, முடிந்த வழக்கையும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் திருப்பியனுப்ப ஒரு வழி இருந்தது. 1991இல் தீர்ப்பே தள்ளுபடியாகி அறுவரும் வெளியே வந்தனர். அதன் பின்னர் அந்நாட்டில், பிழையாக முடிந்திருக்கக்கூடிய வழக்குகளைத் திரும்ப ஆராய்வதற்கென்றே ஓர் ஆணைக்குழுவையும் உண்டாக்கினார்கள். எம்மை ஆண்டு, எமக்குச் சட்டம் எழுதித் தந்துவிட்டுப் போனவர்கள், தங்கள் நீதிபதிகளும் பிழைவிடுவார்கள் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

எமது நாட்டில் இருப்பது ஜனாதிபதியின் மன்னிப்பு ஒன்றே. தேர்தல் காலத்திலும் பண்டிகை நாட்களிலும் அதைப்பற்றிய பேச்சு அடிபடும். கிடைத்தால் வேண்டாம் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள், நானும் சொல்லமாட்டேன். ஆனால் அது வேறு, சிங்கராசா கேட்டது வேறு. காணி விடயத்தில் நாம் இதை நன்றாக அறிவோம். தலைமுறையாகச் செய்த வயலை, இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அரச காணி என்று பதிந்துவிட்டு, திரும்பி வந்தபின், பாவம் ஏழைகள், ஒரு வருட அனுமதி தருகிறோம் என்றால் நாம் மனம் நிறைந்து வாங்குவோமா? பதிவைத் திருத்துங்கள் என்றல்லவா கேட்போம். மன்னிப்பு என்பது அந்த ஒரு வருட அனுமதி. குற்றவாளி என்ற பதிவு அப்படியே இருக்கும். பிள்ளையின் உத்தியோகத்துக்கும் பெண்ணின் கலியாணத்துக்கும் அது பின்னால் வரும்.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை இரண்டு என்று நினைக்கிறேன். பொலிஸ் வாக்குமூலத்தைச் சான்றாக்கும் பிரிவு போகவேண்டும். எந்தப் புதுப்பெயரில் எந்தப் புதுச் சட்டம் வந்தாலும் அது அதற்குள் ஒளிந்து வரக்கூடாது. 2022இல் 12ஆம் இலக்கச் சட்டத்தால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினெட்டு மாதத் தடுப்பு பன்னிரண்டு மாதமானது. 16ஆம் பிரிவைத் தொடவில்லை. மற்றையது, அந்தப் பிரிவின் கீழ் ஏற்கனவே தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை, இறுதித் தீர்ப்பின் பின்னரும், மீண்டும் திறக்க ஒரு வழி சட்டத்தில் வரவேண்டும். வாக்குக் கேட்டு முகாமுக்கும் மீள்குடியேற்றக் கிராமத்துக்கும் வருபவர்களிடம் கிணறு, பாதை, விதைநெல் என்று கேட்கிறோம். அதே மூச்சில் இதையும் கேட்டால் என்ன? அவர்களில் பலருக்கு 16ஆம் பிரிவு எதுவென்றே தெரிந்திருக்காது. நாம் கேட்டால் போய்ப் பார்ப்பார்கள்.

சட்டம் மாறும்வரை எமது கையில் இருப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். இச்சட்டத்தின் கீழ் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமை ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டியது பிடித்தவரின் கடமை என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திராமல் நாமே போய்ப் பதியலாம். விளங்காத மொழியில் எதை நீட்டினாலும், இது எனக்கு வாசித்து விளங்கப்படுத்தப்படவில்லை என்று தமிழிலேயே பக்கத்தில் எழுதப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். படிவமானாலும் சரி, வாக்குமூலமானாலும் சரி. நீதவானிடம் பேசப் பயமாயிருந்தால், சட்டத்தரணி மூலமாவது சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பக் கேளுங்கள். சிங்கராசாவின் வழக்கில் அந்தப் பரிசோதனை நடந்தது, பிடிபட்டுப் பதினெட்டு மாதமான பிறகு. முதல் வாரத்தில் நடந்திருந்தால், காயம் முந்தியதா பிந்தியதா என்ற கேள்வியே எழுந்திருக்காது.

திகதிகளை எழுதி வையுங்கள். சிங்கராசாவின் கதையை என்னால் இங்கே இவ்வளவு ஒழுங்காகச் சொல்ல முடிந்தது, நாளும் மாதமும் ஆண்டும் பதிவில் இருந்தபடியால்தான். எமது வீடுகளில் கேட்டால், சூடடிக்கும் காலத்தில் பிடித்தார்கள், வெள்ளம் வந்த வருடம் கொண்டுபோனார்கள் என்பார்கள். அது எமக்கு விளங்கும், நீதிமன்றத்துக்கு விளங்காது. படுவான்கரையில் ஒரு தாயை எனக்குத் தெரியும். மகனைக் கொண்டுபோன நாளிலிருந்து பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில், எந்த முகாமுக்குப் போனேன், யார் என்ன சொன்னார்கள், எத்தனையாம் திகதி என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்து வைத்திருக்கிறார். மூன்று முறை இடம்பெயர்ந்தும் அது தொலையவில்லை. குடும்ப அட்டையும் காணி உறுதியும் இருக்கும் அதே உரைப்பைக்குள், முதலில் கைபோகும் இடத்தில் வைத்திருக்கிறார்.